எறிய வேண்டாம், தைத்து மாட்டுவோம்

தாயகம் விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் வீட்டுக்கு வீடு ஒரு மூட்டை உண்டு. அலமாரியின் மேல்தட்டிலோ, கட்டிலுக்கு அடியிலோ, கார் நிறுத்தும் அறையில் ஓர் அட்டைப் பெட்டியிலோ அது கிடக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் பிள்ளைகளின் பழைய டீ-ஷர்ட்டுகள். பள்ளி விளையாட்டு விழாவில் கொடுத்தது, கோடைக்கால முகாமில் கொடுத்தது, நிதி திரட்ட நடந்தபோது கொடுத்தது, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சங்கமே அச்சடித்துக் கொடுத்தது. பிள்ளை வளர்ந்துவிட்டது, சட்டை வளரவில்லை. போடவும் முடியாது, எறியவும் மனம் வராது. வீடு மாறும்போதெல்லாம் மூட்டையும் கூடவே வருகிறது.

இந்த நாட்டு மக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சட்டையில் படம் அச்சடித்த பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து, சுற்றிலும் வேறு துணியால் கரை கட்டி, நடுவில் பஞ்சுத் துணி வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். 'கில்ட்' என்பது அதற்கு அவர்கள் சொல்லும் பெயர். நம்மவர்கள் அதைப் பார்த்து, "அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். துணியில் கதை சொல்லிச் சுவரில் தொங்கவிடுவது நமக்கு வெளியிலிருந்து வந்த வழக்கம் அல்ல. பழைய துணியை வெட்டி ஒட்டித் தைப்பதும் அப்படித்தான். ஆகவே அந்த மூட்டையைப் பிரித்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அதையும் ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து தங்கியிருக்கும் மாதங்களில் செய்ய வேண்டும் என்பது அதைவிட முக்கியமான கட்சி.

காளத்திச் சீலைகள்

நான் சித்தூர்க்காரன். சித்தூரும் திருப்பதியும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் மண். 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானது. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தி அமைத்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நிலைத்தன. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று இங்கு நம் பிள்ளைகள் படும் பாடு எங்களூர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருப்பது ஸ்ரீகாளஹஸ்தி. நம் பழந்தமிழ் வழக்கில் திருக்காளத்தி. ஆற்றுக்கும் பொன்முகலி என்று பெயர். கண்ணப்ப நாயனார் கண்ணைப் பெயர்த்து அப்பிய தலம் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்தபின் அதில் சேர்ந்தது. இவ்வூருக்குக் கோயிலால் வந்த புகழோடு கலம்காரியால் வந்த புகழும் உண்டு. 'கலம்' என்றால் எழுதுகோல். எழுதுகோலால் துணியில் வரைவது கலம்காரி. மசூலிப்பட்டினத்தில் மர அச்சுக்கட்டைகளை ஒற்றி இதைச் செய்வார்கள். காளத்தியில் முழுவதும் கைவரைவு.

அந்த வேலை எத்தனை பொறுமையைக் கேட்கிறது என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை விளங்கும். வெளுக்காத பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் மை துணியில் பரவாமல் நிற்கும். புளியங்குச்சிக் கரியால் முதலில் கோடு போடுவார்கள். மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி, நூலால் கட்டினால் அதுதான் கலம். மையில் தோய்த்துச் சுற்றிய துணியை விரலால் அழுத்த அழுத்த மை இறங்கும். கறுப்பு மை, இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கச் செய்வது. சிவப்புக்குப் படிகாரமும் வேர்ச்சாயமும், மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூ, நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை ஆற்று நீரில் அலசல், ஒரு முறை வெயிலில் உலர்த்தல்.

இப்படி உருவான சீலைகள் கோயில்களில் தொங்கின. இராமாயணம் முழுவதையும் ஒரே சீலையில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒரு வரி எழுதிவைப்பார்கள். அந்த வரி பெரும்பாலும் தெலுங்கில் இருக்கும். தெலுங்கு எழுத்து அறியாத கிழவியும் படத்தைப் பார்த்து, "இது சூர்ப்பணகை, இது வாலி வதம்" என்று சொல்லிவிடலாம். எழுத்துத் தெரிந்தவருக்கு எழுத்து, தெரியாதவருக்குப் படம். ஒரு டீ-ஷர்ட்டின் மார்பில் இருப்பதும் இவ்விரண்டுதானே? ஒரு படம், அதன்கீழ் ஒரு வரி.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கலை அழியும் நிலைக்கு வந்துவிட்டது. கமலாதேவி சட்டோபாத்யாயா அவர்களின் முயற்சியும், 1950-களின் பிற்பகுதியில் காளத்தியில் தொடங்கிய அரசுப் பயிற்சி மையமும் இதைக் காப்பாற்றின. அப்பரம்பரையில் வந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டி அவர்களுக்கு 2008-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புவிசார் குறியீடும் இக்கலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கடல் கடந்த துணி

இனி, இந்தத் துணிக்கும் வெள்ளைக்காரர்களின் 'கில்ட்'டுக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து சாயம் தோய்த்த, படம் எழுதிய துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பா போயின. நாம் 'சீட்டித் துணி' என்று சொல்வதைத்தான் அவர்கள் 'சின்ட்ஸ்' என்றார்கள். கட்டிலின்மேல் விரிக்கும் பெரிய விரிப்புக்குப் 'பலம்போர்' என்று பெயர். 'பலங்க்போஷ்' என்ற சொல்லின் திரிபு அது. துவைத்தாலும் சாயம் போகாத பருத்தியை அதற்குமுன் அந்த நாட்டவர் கண்டதில்லை. உள்ளூர் நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதே என்று கூச்சல் எழுப்பினார்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இத்துணிக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் இயற்றியது. தடையை மீறியும் மக்கள் இத்துணியை வாங்கினார்கள்.

விலை உயர்ந்த துணி, கிடைப்பதும் அரிது. ஆகவே அது கிழிந்து பழசானபோது வீட்டுப் பெண்கள் எறியவில்லை. அதிலிருந்த பூவையும் பறவையையும் மரத்தையும் மட்டும் கத்தரித்து எடுத்து, வேறு வெள்ளைத் துணியின்மேல் வைத்துத் தைத்து, பஞ்சு கொடுத்துப் புதிய விரிப்பாக்கினார்கள். இந்த வேலைக்குப் பிற்காலத்தில் பிரெஞ்சு மொழியில் 'பாரசீகத் தையல்' என்று பொருள்படும் பெயர் வழங்கியது. துணி இந்தியாவுடையது, பெயர் பாரசீகத்துக்குப் போய்விட்டது!

படம் உள்ள பகுதியை வெட்டி எடுத்து வேறு துணியில் வைத்துத் தைப்பது என்ற இந்த வேலைக்கும் டீ-ஷர்ட் கில்ட்டுக்கும் என்ன வேறுபாடு? பூவுக்குப் பதில் பள்ளிக்கூடச் சின்னம், அவ்வளவுதான். அந்நியம் என்று நாம் ஒதுக்கும் வேலையின் ஒரு நுனி நம் கடற்கரையில் கட்டப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தாலும் சான்றுக்குக் குறைவில்லை. தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றித் தொங்கும் தேர்ச்சீலைகளையும், உருளை வடிவில் ஆடும் தொம்பைகளையும் நினைத்துப் பாருங்கள். பல நிறத் துணிகளை யாளியாகவும் மயிலாகவும் தாமரையாகவும் கத்தரித்து, மற்றொரு துணியின்மேல் வைத்து விளிம்பைத் தைத்துச் செய்பவை அவை. தஞ்சை, கும்பகோணம் பகுதியில் இதற்கென்றே தையற்காரர்கள் இருக்கிறார்கள். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழிந்த புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவதைத் தெலுங்கில் 'பொந்த' என்பார்கள். வங்காளத்தில் அதற்குக் 'காந்தா' என்று பெயர்; புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அதில் பூவேலை செய்வார்கள். நாடு முழுவதும் பாட்டிமார் செய்துவந்த வேலைதான் இது.

மூன்று மறுப்புகள்

இதை நண்பர்களிடம் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

முதல் மறுப்பு: "பழந்துணியைச் சுவரில் மாட்டுவதா? வீட்டுக்குத் தரித்திரம் அல்லவா?" நம் பெரியவர்கள் பழந்துணியை அப்படி நினைத்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த குழந்தையை முதலில் எதில் கிடத்தினார்கள்? புதுத்துணி உறுத்தும் என்று, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன தாத்தாவின் வேட்டியில்தான். தூளி எதில் கட்டினார்கள்? அம்மாவின் நூல் புடவையில். திருமலையில் பெரிய மனிதர்களுக்குச் செய்யும் உயர்ந்த மரியாதை எது? பெருமாளுக்குச் சாத்தி எடுத்த சேஷ வஸ்திரத்தைப் போர்த்துவது. உடுத்தியவர் யார் என்பதைப் பொறுத்துத் துணிக்கு மதிப்பு ஏறும் என்பது நம் மரபிலேயே உள்ள எண்ணம். அழுக்குத் துணியும் கந்தலாய்த் தொங்கும் துணியும் தரித்திரம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். துவைத்துத் தைத்து மாட்டியது எப்படித் தரித்திரமாகும்?

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். காலமானவர்களின் துணியை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்பது அவரவர் குடும்ப வழக்கம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரின் பெரிய திடலில் 1,920 துண்டுகள் கொண்ட ஒரு கில்ட்டை விரித்தார்கள். எய்ட்ஸ் நோயால் மாண்டவர்களுக்காக அவர்களின் நண்பர்களும் குடும்பத்தாரும் தைத்தவை அவை. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி; ஏறத்தாழ ஓர் ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. இறந்தவர் அணிந்த சட்டைகளையும் டீ-ஷர்ட்டுகளையும் அவற்றில் சேர்த்துத் தைத்தார்கள். அந்த நோயின் பெயரைச் சொல்லவே பலர் கூசிய காலம் அது. வாயால் சொல்ல முடியாததைத் துணியால் சொன்னார்கள். பழைய டீ-ஷர்ட் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு: "காளத்திச் சீலையின் பெருமையைச் சொல்கிறீர்களே, அதையே வாங்கி மாட்டிவிட்டால் போகிறது. டீ-ஷர்ட் எதற்கு?" தாராளமாக வாங்குங்கள். ஆனால் கைவரைவைப் பார்த்து வாங்குங்கள். கலம்காரி என்ற பெயரில் இயந்திரத்தில் அச்சடித்த துணி எங்கும் கிடைக்கிறது. திருப்பதிக்குப் போய்வரும் நம்மவர்கள் அதைச் சல்லிசாக வாங்கி வந்து கூடத்தில் மாட்டி, "எங்கள் ஊர்க் கலை" என்று பெருமைப்படுகிறார்கள். கையால் வரைந்த சீலையில் ஒரு கோடு மற்றக் கோட்டைப் போல இராது. சில இடத்தில் தடித்திருக்கும், சில இடத்தில் மெலிந்திருக்கும். அச்சடித்ததில் ஒரே பூ ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும். அசலுக்கு விலை கூடுதல்தான். பல நாள் வேலைக்குரிய கூலி அது.

ஆனால் அசல் கலம்காரியே ஆனாலும் அது சொல்வது இராமன் கதை, கண்ணன் கதை. உங்கள் வீட்டுக் கதையை அது சொல்லாது. நீங்கள் இந்த நாட்டில் இறங்கிய ஆண்டு, பிள்ளை முதல்முதலாகப் பந்தய ஓட்டத்தில் ஓடியது, தமிழ்ப் பள்ளியில் ஆத்திசூடி ஒப்பித்துப் பரிசு வாங்கியது, இவையெல்லாம் அந்த மூட்டைக்குள் கிடக்கின்றன. கூடத்துச் சுவரில் தொங்கும் கலம்காரியைப் பிள்ளைகள் "அப்பா அம்மாவுடையது" என்கிறார்கள். டீ-ஷர்ட் மூட்டையைப் பெற்றோர் "பிள்ளைகளின் குப்பை" என்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு அருங்காட்சியகங்கள்! பிள்ளையின் டீ-ஷர்ட் நடுவில் இருக்க, பாட்டியின் சுங்குடிப் புடவைக் கரை நான்கு பக்கமும் ஓடும் ஒரு சீலை அந்தச் சுவருக்கு வந்தால், அது யாருடையது என்ற கேள்வியே எழாது.

மூன்றாவது மறுப்பு: "நேரம் எங்கே இருக்கிறது? தைக்க யாருக்குத் தெரியும்?" உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

ஆறு மாதத்து விருந்தாளிகள்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் பெற்றோர் ஆறு மாத விசாவில் வருகிறார்கள். முதல் வாரம் கோலாகலம். அதன்பின் நாம் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுகிறோம். குளிர்காலமாக இருந்தால் வெளியே இறங்க முடியாது. தொலைக்காட்சி புரியாது. அண்டை வீட்டாருடன் பேச மொழி இல்லை. ஊரில் பத்துப் பேருக்குச் சமைத்து, மாவரைத்து, தெருவெல்லாம் விசாரித்துப் பழகிய அம்மாள், இங்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "எப்போது டிக்கெட் போட்டிருக்கிறாய்?" என்று நாலாம் மாதமே கேட்கத் தொடங்கிவிடுகிறார். நாம் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்கிறோம். கைக்கு வேலை இல்லாததுதான் அவருக்குச் சிறை என்பது நமக்குப் புரிவதில்லை.

பேரப்பிள்ளைகளோடும் பேச்சு நாளாவட்டத்தில் வற்றிவிடுகிறது. "சாப்பிட்டாயா கண்ணா?" என்பதற்குமேல் பாட்டிக்கு ஆங்கிலம் வராது, பேத்திக்குத் தமிழ் வராது. அவர்களுக்குத் தேவை பொதுவான மொழி என்று நாம் நினைக்கிறோம். பொதுவான வேலை இருந்தால் மொழி தானே வரும். ஊசியில் நூல் கோக்கப் பாட்டிக்குக் கண் தெரியாது. பேத்தி கோத்துத் தரவேண்டும். தையல் எப்படி விழவேண்டும் என்று பேத்திக்குத் தெரியாது. பாட்டி கையைப் பிடித்துக் காட்டவேண்டும். "இந்தச் சட்டையில் என்னடி எழுதியிருக்கிறது?" என்று பாட்டி கேட்பார். பேத்தி தன் உடைந்த தமிழில் அந்த முகாமின் கதையைச் சொல்வாள். "இந்தப் புடவை எப்போது எடுத்தது பாட்டி?" என்று அவள் கேட்டால், உங்களுக்கே தெரியாத ஒரு கதை வெளியே வரும்.

நம் தலைமுறையில் பலருக்குப் பொத்தான் தைக்கத் தெரியும், அவ்வளவே. நம் அம்மாக்கள் பள்ளியில் தையல் வகுப்பில் படித்தவர்கள்; ஓட்டுத் தையல், ஹெம்மிங், சங்கிலித் தையல் எல்லாம் கையோடு வந்தவர்கள். அந்தக் கைகள் இன்னும் எத்தனை முறை விமானம் ஏறி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நேரம் இல்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

செய்யும் முறை

பெரிய போர்வை அளவுக்குத் தொடங்க வேண்டாம். ஒரே ஒரு சட்டையில், ஒரு முழ அகல நீளத்தில் ஒரு சிறு சுவர்ச்சீலை போதும்.

சட்டையைத் துவைத்து உலர்த்துங்கள். டீ-ஷர்ட் பின்னல் துணி, இழுத்தால் நீளும். அப்படியே தைத்தால் கோணிக்கொள்ளும். ஆகவே படத்தைச் சுற்றி நாலு விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டி, பின்பக்கத்தில் ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டவேண்டும். சட்டைக் காலருக்குத் தையற்காரர்கள் வைப்பார்களே, அதில் மெல்லிய வகை. இஸ்திரிப் பெட்டியைப் படத்தின்மேல் நேராக வைத்துவிடாதீர்கள். ரப்பர் மை உருகி ஒட்டிக்கொள்ளும். பின்பக்கமாகத்தான் தேய்க்கவேண்டும். முன்பக்கம் தேய்க்கவேண்டி வந்தால் மேலே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். கேன்வாஸ் ஒட்டி ஆறியபிறகு அளவெடுத்துச் சதுரமாகத் திருத்துங்கள். ஒட்டுவதற்கு முன்பே சரியான அளவுக்கு வெட்டினால் சதுரம் நிற்காது.

அடுத்தது கரை. பழைய பருத்திப் புடவையின் கரையோ, அப்பாவின் வேட்டிக் கரையோ, லுங்கித் துண்டோ எதுவும் ஆகலாம். முதலில் மேலும் கீழும், பிறகு இரு பக்கமும் வைத்துத் தையுங்கள். நடுவில் வைக்கக் கடையில் பஞ்சுவிரிப்புக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மெல்லிய பழைய கம்பளமோ நாலாக மடித்த வேட்டியோ போதும். அடியில் ஒரு நூல் துணி. மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி எட்ட எட்டத் தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் படத்தின் வெளிவரம்பை ஒட்டியும், கரை ஓரமாகவும் ஓட்டுத் தையல் போட்டால் மூன்று அடுக்கும் ஒன்றாகிவிடும். தடித்த ரப்பர் மையின் ஊடே ஊசியை விடாதீர்கள். அதில் விழுந்த துளை மறையாது. இயந்திரத்தில் தைப்பவர்கள் பின்னல் துணிக்கென்று உள்ள உருண்டை முனை ஊசியைப் போட்டால் இழை அறுந்து ஓட்டை விழாது.

ஓரத்தை ஒரு நாடாத் துணியால் மடித்துத் தைத்து, பின்புறம் மேலே ஒரு கம்பி நுழையும்படி குழாய்போல் துணி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. வெயில் நேரே விழாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். கடுக்காய்க் கறுப்பானாலும் இயந்திர மையானாலும் சூரியனுக்கு முன்னால் நிற்காது.

பெயர் எழுதுங்கள்

ஒரு வேலை பாக்கி. பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைத் தைத்து, அழியாத மையில் எழுதுங்கள்: சட்டை யாருடையது, எந்த ஆண்டு, கரை யாருடைய புடவை, தைத்தவர் யார், எந்த ஊரில் தைத்தது. தமிழில் எழுதுங்கள், வேண்டுமானால் கீழே ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள் பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கரையிலிருந்து வந்தது, எந்த நூற்றாண்டு என்பதுவரை அறிஞர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆளின் பெயர் போய்விட்டது. உலகமே ஆசைப்பட்ட துணியைச் செய்தவன் பெயர் இல்லாமல் போனான். உங்கள் அம்மாவின் பெயரும் அப்படிப் போகவேண்டுமா? நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை அந்தச் சீலையைத் திருப்பிப் பார்க்கும்போது, "இதைத் தைத்தவர் உன் கொள்ளுப்பாட்டி" என்று அது சொல்லவேண்டும்.

இன்னொரு கோணமும் உண்டு. மூட்டையிலுள்ள சட்டைகளின் கழுத்துப் பட்டியைப் பாருங்கள். சிலவற்றிலாவது 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று இருக்கும். இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு திருப்பூருடையது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போயிற்று. ஒரு சட்டைக்குப் பின்னால் அந்த ஆறும் இருக்கிறது, அங்குத் தைத்த ஒரு பெண்ணின் கையும் இருக்கிறது. இரண்டு மணி நேர விழாவுக்குப் போட்டுவிட்டுக் குப்பையில் போடும் பொருளாக அதை நினைக்க மனம் ஒப்பவில்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். ஆண்டுதோறும் விழாவுக்கு டீ-ஷர்ட் அச்சடிக்கிறோம். வரும் பொங்கல் விழாவில் மேடைக்குப் பின்னால் கடையில் வாங்கிய திரையைக் கட்டுவதற்குப் பதில், இதுவரை அச்சடித்த சட்டைகளில் ஆண்டுக்கு ஒன்று சேகரித்துத் தைத்த ஒரு பெரிய சீலையைத் தொங்கவிடலாம். வீட்டுக்கு ஒரு சதுரம் என்று பிரித்துக் கொடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களை ஒரு சனிக்கிழமை மதியம் சங்கக் கூடத்துக்கு அழைத்து வாருங்கள். ஊசியும் நூலும் கொஞ்சம் காப்பியும் சங்கத்தின் செலவு. விழா நாளில் அவர்களை மேடைக்கு அழைத்து, ஒவ்வொருவர் பெயரையும் ஊர்ப் பெயரோடு ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சித்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாளின் பெயரை முதலில் கொடுக்க நான் தயார்.